காந்த அறையில் கன்னியம்மா

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் சுரங்கத்துக்குள் மேஜை நகரத் தொடங்கி ஒரு முழம்கூடப் போயிருக்காது. படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"யாரோ என் கொண்டையப் புடிச்சி இழுக்கறாங்கம்மா."

அறையில் அவளையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. மதியம் இரண்டு, இரண்டரை இருக்கும். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஏ.சி. குளிரில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

குனிந்து பார்த்தேன். தலையைச் சுற்றி வைக்கிற பிளாஸ்டிக் கூட்டுக்கு அப்பால் துருத்திக்கொண்டிருந்த அவளுடைய கொண்டை, தானாக நிமிர்ந்து, அந்தச் சுரங்கத்தின் வாய்ப் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியோர முடியெல்லாம் விண்ணென்று இழுபட்டிருந்தது. புருவம்கூடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"நல்லா இழுக்கறாங்க," என்றாள் மறுபடி.

அந்த அறையில் ஆறு மாதமாக வேலை கற்றுக்கொண்டிருந்தவள் நான். அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் படித்ததெல்லாம் மறந்துபோய், அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். யாரோ இழுக்கிறார்கள் என்றுதான் எனக்கும் பட்டது.

அம்மாவின் கேள்வி

இருட்டறையில் நான் எக்ஸ்ரே பிலிம் கழுவிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: பிளஸ் டூ முடித்து, அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருடம் எக்ஸ்ரே படிப்பு. கோபுர முத்திரை போட்ட சான்றிதழ். அதைக் காட்டி மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மாதம் எழுநூற்றைம்பது ரூபாய்க்கு வேலை.

சம்பளத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. எக்ஸ்ரே ரூமில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்று சேலையூரில் எங்கள் தெருவில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், கேசரியும் காபியும் முடித்த பிறகு, "பொண்ணு எங்க வேலை செய்யுது?" என்று கேட்டார்கள். பதில் சொன்னதும், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால், குரோம்பேட்டையைத் தாண்டி ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. வந்திருக்கிறது, அதில் கதிர்வீச்சே கிடையாது, வெறும் காந்தம்தான் என்று நான் சொன்னபோது அம்மாவின் முகம் தெளிந்தது.

"காந்தம்னா, ஒண்ணும் பண்ணாதில்ல?"

"ஒண்ணும் பண்ணாதும்மா," என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சம்பளமில்லாத ஆறு மாதம்

இப்போது எம்.ஆர்.ஐ.க்கென்று படிப்பு, பரீட்சை, பதிவு எல்லாம் இருக்கிறது. தொண்ணூறுகளில், எங்களுக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. எக்ஸ்ரே சான்றிதழோடு ஒரு சென்டரில் போய் நிற்க வேண்டும். ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். அது முடிந்தால் டாக்டர் ஒரு கடிதம் தருவார். 'இன்னார் எங்களிடம் எம்.ஆர்.ஐ. பயிற்சி பெற்றார்' என்று நான்கு வரி. அந்த நான்கு வரி கையில் இருந்தால் எங்கே போனாலும் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். இல்லாவிட்டால் திரும்பவும் இருட்டறை, பிலிம் கழுவுகிற ஹைப்போ நாற்றம்.

எங்கள் சென்டரில் இயந்திரத்தை ஓட்டியவர் சேவியர் அண்ணா. முப்பது வயதுதான் இருக்கும். இயந்திரம் விற்ற கம்பெனி பம்பாயிலிருந்து ஆள் அனுப்பி இரண்டு வாரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அதற்குக் கொடுத்த காகிதத்தை லேமினேட் செய்து, தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் கற்றுக்கொடுக்க மாட்டார். நான் பக்கத்தில் வந்தால் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, முதுகால் கம்ப்யூட்டரை மறைத்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் தான் கற்றதை ஆறு மாதத்தில் நான் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்ற பயம். நான் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

திரை தெரியாததால் காதால் கற்றேன். ஒவ்வொரு படத்துக்கும் இயந்திரம் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடும். ஒன்று ஆணி அடிப்பது மாதிரி, ஒன்று தையல் மிஷின் மாதிரி, ஒன்று யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. எந்தச் சத்தம் எத்தனை நிமிடம், அதற்கு என்ன படம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். வீட்டுக்குப் போகும்போது தாம்பரம் ரயிலில் அதை மனப்பாடம் செய்வேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, 'டக் டக் டக் நாலு நிமிஷம்' என்று படித்துவிட்டு, இருக்கையை விட்டே எழுந்து போய்விட்டார்.

சென்டரில் ஒரே ஒரு விதி. அறைக்குள் இரும்பு போகக் கூடாது. நோயாளியைச் சோதித்து உள்ளே அனுப்புவது பயிற்சிக்கு வந்தவளின் பொறுப்பு. எனக்கு முன்னால் சேர்ந்திருந்த ஒருத்தி, ஓர் அம்மாவின் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கவனிக்கவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவளை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் உழைத்ததற்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை.

தூங்காத காந்தம்

எக்ஸ்ரே மெஷினை அணைத்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். இது அப்படி இல்லை என்று முதல் நாளே சேவியர் அண்ணா காட்டினார். மின்சாரம் போயிருந்த ஒரு காலை நேரம். நூல் முனையில் ஓர் ஊக்கைக் கட்டி, அறைக்குள் நாலடி எடுத்து வைத்து, கையிலிருந்து தொங்கவிட்டார். ஊக்கு தொங்கவில்லை. நூல் விறைத்து, படுத்தவாக்கில், இயந்திரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. அந்தரத்தில் லேசாக நடுங்கிக்கொண்டும் இருந்தது.

"கரண்ட் போனாலும் இழுக்கும். ஞாயித்துக்கிழமை, தீபாவளி, கிறிஸ்மஸ், எப்பவும் இழுத்துட்டேதான் இருக்கும். நாம பாக்கலன்னாலும் இழுக்கும்," என்றார்.

கடைசியாகச் சொன்னதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காலையில் விரிப்பு மாற்ற நான் தனியாக உள்ளே போவேன். சுவர்களுக்குள் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து ரேடியோ அலைகூட உள்ளே வராது. காது அடைத்துப்போகும். அந்த அமைதியில் இயந்திரத்தின் பின்னாலிருந்து 'ச்சிக்... ச்சிக்...' என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். காந்தத்தைக் குளிர வைக்கிற பம்பு அது. தெரியும். தெரிந்தாலும் பல்லி சொல்லுகிற மாதிரியே இருக்கும். வருகிறவர்கள் பலர் படுக்கும் முன் எந்தத் திசையில் சொல்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். ஒரு பெரியவர், தெற்கே சொல்கிறது என்று எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

விரிப்பை மாற்றும்போது நான் ஒருநாளும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பீடி நாற்றம்

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது கன்னியம்மா வந்தாள். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் பஸ் மாறி வந்திருந்தார்கள், அவளும் அவள் தங்கை செல்வியும். கன்னியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் செல்விதான்.

கன்னியம்மாவின் புருஷன் இரண்டு ஐப்பசிக்கு முன்னால் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. ஒரு வருடம் கழித்து இது ஆரம்பித்தது.

"மொதல்ல பீடி நாத்தம் வருதும்பா. மாமா குடிக்கிற பீடி. அப்பால மாமா பேர் சொல்லிக் கூப்புடறாருன்னு சொல்லிகினே எழுந்து போவும். எங்க போவும், தண்ணிக்குத்தான் போவும். ரெண்டு தபா கழுத்தளவு தண்ணியில போயிடுச்சி. நாங்கதான் இழுத்துகினு வந்தோம். இப்போ கொஞ்ச நாளா கீழ வுழுந்து கை கால் இழுத்துக்குது."

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், தலைக்குள் கட்டி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. படத்தோடு திங்கள்கிழமை வா, படுக்கை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். செல்வி தன் கம்மலை விற்றுக் காசு கட்டியிருந்தாள். பாதியில் எழுந்துவிட்டால் காசு திரும்பாது என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தோம். இன்னொரு முறை வர அவர்களிடம் விற்க ஒன்றும் இல்லை.

"அடுத்த தபா தண்ணிக்குப் போனா நான் பக்கத்துல இருப்பனான்னு தெரியல," என்றாள் செல்வி.

உடை மாற்றும் அறையில் கன்னியம்மாவைச் சோதித்தேன். வளையல், மூக்குத்தி, மெட்டி. உடம்பு கிடைக்காததால் தாலியை அவள் கழற்றியிருக்கவில்லை. தாலி என்றால் எங்களிடம் பெரிய சண்டையே நடக்கும். கன்னியம்மா மறுபேச்சில்லாமல் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள். வேறு காவல் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"தலையில ஊசி, கிளிப்பு ஏதாவது இருக்காக்கா? இரும்பு எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

கொண்டையை மேலாகத் தடவிப் பார்த்தேன். ஊசி எதுவும் தட்டுப்படவில்லை. கறுப்புக் கயிறு போட்டு இறுக்கி முடிந்திருந்தது. அவிழ்க்கச் சொல்லவில்லை. அடுத்த நோயாளி காத்திருந்தார், சேவியர் அண்ணா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொண்டைக்குள்

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். "யாரோ இழுக்கறாங்க" என்று அவள் சொன்னதும், என் கை தானாக அந்தக் கொண்டையைப் பொத்திப் பிடித்தது. உள்ளே விறைப்பாக ஒன்று இருந்தது. விரல் நீளம். பிடிக்குள் அகப்பட்ட மீன் மாதிரி திமிறிக்கொண்டு இருந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இரும்பு.

விட்டால் அது முடியைக் கிழித்துக்கொண்டு பாயும். ஒரு கையால் கொண்டையைப் பிடித்தபடி மறு கையால் பித்தானை அழுத்தி மேஜையை வெளியே இழுத்தேன். அவளை மெல்ல உட்கார வைத்தேன். இரண்டு கையாலும் அவள் கொண்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விட மனசில்லாமல் ஒருவர் பிடியை விடுவது மாதிரியே இருந்தது. வாசலைத் தாண்டியதும் கொண்டை பொத்தென்று சரிந்தது.

அவிழ்த்தேன். சிவப்புத் துணியில் சுற்றித் தைத்த ஓர் ஆணி.

"இரும்பு இருக்கான்னு கேட்டேனே. ஏங்க்கா சொல்லல?"

செல்விதான் சொன்னாள். "அத்த வாயால சொல்லக் கூடாதும்மா. வச்சிருக்கறத யாருகிட்டனா சொல்லிட்டா அதுக்கு பவர் பூடும். கோயில்ல பூஜ போட்டுக் குடுத்தாங்க. அது தலையில கீறதாலதான் ரெண்டு மாசமா மாமா கிட்ட வரல."

காத்து கறுப்புக்கு இரும்பு. எங்கள் வீட்டிலும் உண்டு. கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு போகும்போது தூக்கின்மேல் ஒரு கரித்துண்டும் ஆணியும் வைத்துத்தான் அம்மா அனுப்புவாள். இரும்பு இருக்கா என்று நாங்கள் கேட்கிற கேள்விக்கு அந்தக் கரையோரத்தில் யாராலும் ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. அது எனக்குத் தோன்றாமல் போயிற்று பாருங்கள்.

சேவியர் அண்ணா வெளியே வந்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செக் பண்ணது நீதானே?"

"ஆமாண்ணா."

"கண்ணுல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். லெட்டர மறந்துடு," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமும் பஸ் காசும் கண் முன்னால் வந்து போயின. அதற்குள் கன்னியம்மா முதல் முறையாக நீளமாகப் பேசினாள்.

"அது இல்லாம நான் உள்ள போவ மாட்டேன். அவரு இங்கதான் கீறாரு. இப்போ இழுத்தது அவருதான். மறுபடி கூப்ட்டா நான் பூடுவேம்மா. எனக்கு என்னியத் தெரியும்."

காந்தம் இழுத்தது என்று நான் சொன்னேன். அறைக்குள் நாலடி போய், ஊக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினேன். நூல் அந்தரத்தில் படுத்து நின்றதைப் பார்த்து அவள் தலையை ஆட்டினாள். அவள் சொன்னதற்கு அதுவே சாட்சி என்று ஆகிவிட்டது.

சேவியர் அண்ணா கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த பேஷண்ட்ட கூப்பிடு."

செல்வி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் காதைப் பார்த்தேன், வெறும் துளை. என் கடிதம் எப்படியும் போய்விட்டது. இவர்கள் கட்டிய காசாவது போகாமல் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் உள்ள உங்ககூடவே நிக்கிறேன். உங்க காலைப் பிடிச்சிக்கிட்டே நிக்கிறேன். நீங்க எங்கயும் போக முடியாது."

கன்னியம்மா என் கையைத் தூக்கி, திருப்பிப் பார்த்தாள். மீன் எடை போடுகிற மாதிரி பார்த்தாள்.

"நடுவுல வுடக் கூடாது."

"விட மாட்டேன்."

நாற்பது நிமிடம்

கதவு சாத்தப்பட்டது. காதில் பஞ்சு. அவள் இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். வலது காலைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். குதிகால் வெடிப்பில் இன்னும் மணல் இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் சேவியர் அண்ணா. நோயாளி பேசினால் அவருக்கு ஒலிபெருக்கியில் கேட்கும். அவர் பித்தானை அழுத்தினால் அவர் குரல் எங்களுக்குக் கேட்கும்.

முதல் சத்தம் நாலு நிமிடம். இரண்டாவது ஒன்பது நிமிடம். வெளியே இருந்து கேட்பது வேறு, உள்ளே நிற்பது வேறு. பல் எல்லாம் அதிர்ந்தது. இடைவெளிகளில் சத்தம் சட்டென்று நிற்கும்போது, அந்தப் பல்லிச் சத்தம் மட்டும் இருக்கும். இரண்டு இடைவெளியிலும் அவள் அசையவில்லை. நான் மனசுக்குள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு படம்.

மூன்றாவது பதினைந்து நிமிடம், அதுவும் முடிந்தது. அமைதி.

எனக்குப் பீடி நாற்றம் அடித்தது.

வாசலில் ஆட்டோக்காரர்கள் பீடி குடிப்பார்கள். ஏ.சி. வழியாக வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும், அந்த அறையில் ஒருநாளும் வந்ததில்லை.

கன்னியம்மா பேசினாள். பயந்த குரல் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற குரல்.

"தோ, கேக்குது."

நின்றாள். பதிலுக்குக் காத்திருக்கிற அளவு நேரம்.

"எங்க கீற?"

மறுபடி நின்றாள்.

"அவ்ளோ தண்ணிலயா?"

'ச்சிக்... ச்சிக்...'

"குளுருதா?"

இந்த முறை வெகுநேரம் நின்றாள். என் பிடிக்குள் அவள் கால் இறுகியது. விரல்கள் ஊன்றிக்கொள்ள இடம் தேடின. எழுந்து நடக்கப் போகிறவளின் கால் அது. நான் இன்னொரு கையையும் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல," என்றாள் கன்னியம்மா. "நான் வரல. வர முடியாது. ஒரு பொண்ணு என் காலப் புடிச்சிகினு கீது."

கண்ணாடிக்கு அப்பால் சேவியர் அண்ணா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வேலை கற்றுக்கொடுக்காத, லெட்டரை மறந்துடு என்ற அதே ஆள். ஆனால் அவர் குரலே இல்லாத மாதிரி ஒரு குரல்.

"மலர், கைய விட்றாதம்மா."

கடைசிப் படம் ஆறு நிமிடம். சத்தம் தொடங்கியது. அந்த ஆறு நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சேவியர் அண்ணாவின் சாமியையும் சேர்த்துத்தான். கால் இழுத்தது, தளர்ந்தது, இழுத்தது, பிறகு தளர்ந்தே கிடந்தது.

மேஜையை வெளியே எடுத்தேன். அவள் முகம் வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"பூட்டாரா?"

அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழ் வாங்கியவள் நான். அங்கே யாரும் வரவில்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பூட்டாருக்கா," என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.

தாம்பரம் மார்க்கெட்

படம் தெளிவாக வந்திருந்தது. வலது பக்கம், காதுக்கு மேலே, எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி. அந்த இடத்தில் கட்டி இருந்தால் இல்லாத நாற்றம் வரும், இல்லாத குரல் கேட்கும் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். நியாயமான விளக்கம்தான். படத்தை நானே பார்த்தேன்.

கடிதம் கிடைத்தது. நான்கு நாள் கழித்து சேவியர் அண்ணாவே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆணியைப் பற்றி டாக்டரிடம் மூச்சு விடவில்லை. அன்றைக்கு ஒலிபெருக்கியில் அவருக்கு என்ன கேட்டது, ஒரு குரலா இரண்டு குரலா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கன்னியம்மா வந்துபோன நாளிலிருந்து நான் பக்கத்தில் போனால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு இடம் விடுவார். கடைசி நான்கு நாளில்தான் நான் வேலையே கற்றேன்.

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சம்பளக்காரியாகி ஒரு வருடம் ஆகியிருக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனபோது ஒரு கூடைக்குப் பின்னாலிருந்து, "காலு புடிச்ச பொண்ணுதான நீ?" என்று ஒரு குரல். செல்வி. காதில் புதுக் கம்மல்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா கீது. ஆப்ரேசன் பண்ணி கட்டிய எடுத்துட்டாங்க. வுழுறதில்ல, இழுத்துக்கறதில்ல. தண்ணி பக்கமே போவறதில்ல. வலை பின்னுது, சோறாக்குது."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செல்வி ஒரு கூறு சங்கரா மீனை என் பையில் போட்டாள். காசு வாங்க மாட்டேன் என்று கையைத் தள்ளினாள். பிறகு ஐஸ் தண்ணீரில் கை அலம்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒண்ணுதான். சாயங்காலமானா கரையில போய் குந்திக்குது. மாமா கொரலு கேக்கவே மாட்டேங்குதேன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. முன்னனா கூப்புட்டாராம். இப்போ சுத்தமா பூட்டாராம்."

பிறகு மீனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் போய்விட்டார் என்று அவளுக்குச் சொன்னது நான்தான். ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை அந்த நினைப்பு என்னை விடவில்லை.